எட்டி ஹில்லெசம்

எட்டி ஹில்லெசம் (ஜனவரி 15, 1914 – நவம்பர் 30, 1943) இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நெதர்லாந்தில் வாழ்ந்த யூத இனத்தைச் சேர்ந்த நாட்குறிப்பாளர் ஆவார். இவரது இயற்பெயர் எஸ்தர் ஹில்லெசம். நாசி ஜெர்மனி நெதர்லாந்தை ஆக்கிரமித்திருந்த காலத்தில் ஆம்ஸ்டர்டாம் நகரில் இவர் எழுதிய நாட்குறிப்புகளும், ட்ரெந்தெ மாகாணத்தில் அமைந்திருந்த வெஸ்டர்போர்க் இடைத்தங்கல் முகாமிலிருந்து எழுதிய கடிதங்களும் இவருக்குப் புகழைத் தேடித் தந்தன. இவர் இறந்து 38 ஆண்டுகள் கழிந்த பின்னரே, 1981 இல், இவ்வெழுத்துகள் நூல் வடிவம் பெற்றன. தலைமறைவாகி உயிர் பிழைக்க வாய்ப்பிருந்தும் அதனை ஏற்க மறுத்துத் தம் மக்களுடனேயே இருக்க முடிவு செய்தமை இவரது வாழ்வின் மிக முக்கியமான நிகழ்வாகும். இம்முடிவு பற்றிய விவாதம் இன்றும் தொடர்கிறது.

பிறப்பும் குடும்பமும்

எட்டி ஹில்லெசம் நெதர்லாந்தின் தென்மேற்கில் சீலாந்து மாகாணத்தில் உள்ள மிடல்பர்க் நகரில் பிறந்தார். தந்தை லூயி ஹில்லெசம் கிரேக்கமும் இலத்தீனும் கற்பித்த ஆசிரியர். இவர் புலமை மிக்கவர். எனினும் கண்பார்வையும் செவித்திறனும் குறைந்திருந்தமையால் பெரிய வகுப்புகளைக் கட்டுப்படுத்த இடர்ப்பட்டார். தாய் ரிவா பெர்ன்ஸ்டைன் இரசியாவில் பிறந்தவர். யூதர்களுக்கு எதிரான வன்முறைகளிலிருந்து தப்பி 1907 இல் ஆம்ஸ்டர்டாமுக்கு வந்து சேர்ந்தவர்.

எட்டிக்கு இரு தம்பியர். 1916 இல் பிறந்த யாப் மருத்துவம் பயின்றார். 1920 இல் பிறந்த மிஷா இளம் வயதிலேயே பியானோ இசையில் அரிய திறமை காட்டினார். ஆறாம் வயதில் பெத்தோவனின் இசையைப் பொது மேடையில் வாசித்தார். தம்பியர் இருவரும் மனநோயினால் துன்புற்று, மருத்துவமனைகளில் சிகிச்சை பெற்றவர்கள் ஆவர். ஒழுங்கற்ற, ஆரவாரம் மிகுந்த தம் குடும்பச் சூழல் தம்மைப் பெரிதும் அலைக்கழித்ததாக எட்டி பிற்காலத்தில் நாட்குறிப்பில் எழுதினார்.

தந்தையின் பணியிட மாற்றங்களால் குடும்பம் பல ஊர்களில் வாழ்ந்தது. 1924 இல் ஐசல் ஆற்றங்கரையில் உள்ள டெவென்டர் நகரில் குடியேறியது. தந்தை 1928 இல் அந்நகரின் உயர்நிலைப் பள்ளிக்குத் தலைமை ஆசிரியரானார்.

கல்வி

எட்டி 1926 இல் தந்தை பணியாற்றிய அதே பள்ளியில் சேர்ந்தார். அங்கு எபிரேய மொழியும் கற்றார். 1932 இல் ஆம்ஸ்டர்டாம் சென்று பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்றார். 1939 இல் சட்டத்தில் முதுநிலைத் தேர்வில் தேறினார். சட்டத்தை விட மொழிகளிலேயே இவருக்கு நாட்டம் மிகுந்திருந்தது. ஆதலால் சிலாவிய மொழிகளைப் பயிலத் தொடங்கினார். தாய்வழி வந்த இரசிய மொழியைப் பிறருக்குக் கற்பித்து வருவாய் ஈட்டினார்.

1937 முதல் ஆம்ஸ்டர்டாமில் கேப்ரியேல் மெட்சு தெருவில் 6 ஆம் எண் இல்லத்தில் வாழ்ந்தார். மனைவியை இழந்த கணக்காளர் ஒருவருக்கு உரிய அவ்வீட்டில் இல்லப் பொறுப்பாளராக இவர் சேர்ந்தார். இருவருக்கும் இடையே நெருங்கிய உறவும் ஏற்பட்டது. இவரது அறையின் சன்னல்கள் அருங்காட்சியகச் சதுக்கத்தை நோக்கி அமைந்திருந்தன. அச்சன்னலருகே கிடந்த மேசையில்தான் நாட்குறிப்பின் பெரும்பகுதி எழுதப்பட்டது.

ஜெர்மானிய ஆக்கிரமிப்பு

மே 10, 1940 அன்று ஜெர்மனி நெதர்லாந்தைத் தாக்கியது. ஐந்து நாட்களில் டச்சுப் படை சரணடைந்தது. அப்போது நெதர்லாந்தில் ஏறத்தாழ 1,40,000 யூதர்கள் வாழ்ந்தனர். அவர்கள் மீதான கட்டுப்பாடுகள் படிப்படியாக இறுக்கப்பட்டன.

* 1940 நவம்பரில் யூதர்கள் அரசுப் பணிகளிலிருந்து விலக்கப்பட்டனர். எட்டியின் தந்தையும் பதவியை இழந்தார்.
* 1941 ஜனவரியில் யூதர்கள் அனைவரும் தம்மைப் பதிவு செய்துகொள்ள ஆணையிடப்பட்டது.
* 1941 பெப்ரவரியில் ஆம்ஸ்டர்டாமில் நூற்றுக்கணக்கான யூத இளைஞர்கள் தெருக்களில் பிடிக்கப்பட்டனர். இதனைக் கண்டித்துப் பெப்ரவரி 25, 26 ஆகிய நாட்களில் நகரத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர்.
* 1942 மே மாதம் முதல் மஞ்சள் நிற ஆறுமுனை நட்சத்திரத்தை உடையில் தைத்துக்கொள்வது கட்டாயமாக்கப்பட்டது.
* 1942 ஜூலையில் நாடுகடத்தல் தொடங்கியது.

நாட்குறிப்பின் தொடக்கம்

1941 பெப்ரவரி 3 அன்று எட்டி யூலியஸ் ஸ்பியர் என்பவரைச் சந்தித்தார். பிராங்க்ஃபர்ட் நகரில் 1887 இல் பிறந்த ஸ்பியர், சூரிச்சில் உளவியலாளர் கார்ல் யுங்கிடம் பயின்றவர். கைரேகைகளைக் கொண்டு மனித இயல்பை அறியும் முறையொன்றைக் கையாண்டவர். யூதரான இவர் 1939 இல் ஜெர்மனியிலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்கு வந்திருந்தார். மனச்சோர்வினால் அவதிப்பட்டிருந்த எட்டி முதலில் அவரிடம் சிகிச்சை பெறுபவராகச் சென்றார். பின்னர் அவரது செயலாளராகவும் நெருங்கிய தோழியாகவும் ஆனார்.

1941 மார்ச் மாதத்தில், சிகிச்சையின் ஒரு பகுதியாக, எட்டி நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். தொடக்கப் பக்கங்கள் பெரும்பாலும் தம் மனக்குழப்பங்கள், காதல், எழுத்தாளராகும் விருப்பம் ஆகியவை பற்றியவை. ரில்கேயின் கவிதைகள், தஸ்தயேவ்ஸ்கியின் புதினங்கள், புனித அகுஸ்தீனின் நூல்கள், விவிலியம் ஆகியவற்றை இவர் தொடர்ந்து வாசித்தார். இவ்வாசிப்பும் ஸ்பியரின் நட்பும் இவரை இறைச் சிந்தனையின்பால் திருப்பின. எனினும் இவர் தொழுகைக்கூடத்திற்கோ தேவாலயத்திற்கோ செல்லும் வழக்கத்தை மேற்கொள்ளவில்லை; எந்தச் சமயத்திற்கும் மாறவுமில்லை. தம் அறையில் தனித்து மண்டியிட்டு வேண்டும் பழக்கத்தைக் கைக்கொண்டார்.

வெறுப்பு பற்றிய இவரது சிந்தனை நாட்குறிப்பின் தொடக்கத்திலேயே காணப்படுகிறது. ஜெர்மானியருள் நல்லவர் ஒருவர் இருப்பாராயினும், அந்த ஒருவரின் பொருட்டு அம்மக்கள் அனைவரையும் வெறுக்கலாகாது என்பது இவர் நிலைப்பாடு. 1942 பெப்ரவரியில் ஜெர்மானிய இரகசியக் காவல்துறை அலுவலகத்திற்கு இவர் அழைக்கப்பட்டார். அங்கு இளம் அதிகாரி ஒருவன் யூதர்களை நோக்கிக் கூச்சலிட்டுக்கொண்டிருந்தான். அவன் மீது அச்சமோ சினமோ தமக்கு ஏற்படவில்லை என்றும், அவன் இளமையில் எத்தகைய துன்பத்தை அனுபவித்தானோ என்றே எண்ணத் தோன்றியது என்றும் எழுதினார். அதே வேளையில், இத்தகைய மனிதர்களை உருவாக்கும் அமைப்பு ஒழிக்கப்பட வேண்டியது என்பதையும் தெளிவாகக் குறிப்பிட்டார்.

1942 ஜூலை முதல் நாட்களில், ஜெர்மானியர் யூத இனத்தை முற்றாக அழிக்க முனைந்துள்ளனர் என்பதை இவர் உணர்ந்து எழுதினார். அம்மாதம் 12 ஆம் நாள் எழுதிய வேண்டுதலில், இறைவன் மனிதருக்கு உதவ இயலாத நிலையில் மனிதரே இறைவனுக்கு உதவ வேண்டும் என்றும், தம் உள்ளத்தில் அவனுக்குரிய இடத்தைக் காப்பதே தமக்கு எஞ்சியுள்ள கடமை என்றும் கருத்துத் தெரிவித்தார். இவரது எழுத்துகளுள் பிற்காலத்தில் மிகுதியாக ஆராயப்பட்டது இப்பகுதியே.

யூத மன்றத்தில் பணி

ஆக்கிரமிப்பாளர்களின் ஆணைகளை யூதர்களிடையே நிறைவேற்றுவதற்காக 1941 பெப்ரவரியில் ஆம்ஸ்டர்டாமில் யூத மன்றம் அமைக்கப்பட்டது. அதில் பணியாற்றியோருக்கு நாடுகடத்தலிலிருந்து தற்காலிக விலக்கு அளிக்கப்பட்டது. இதனால் ஆயிரக்கணக்கானோர் அங்கு வேலை தேடினர். எட்டியும் தம்பி யாப்பின் வற்புறுத்தலால் விண்ணப்பித்து 1942 ஜூலை நடுப்பகுதியில் எழுத்தர் பணி பெற்றார்.

இப்பணி இவருக்கு மனநிறைவைத் தரவில்லை. தம் இனத்தின் பெரும்பகுதியினரை அனுப்பிவைப்பதில் ஒரு சிறு பகுதியினர் துணைபோவது என்றுமே சரிசெய்ய முடியாத பிழை என இவர் கருதினார். இரு வாரங்களிலேயே, வெஸ்டர்போர்க் முகாமில் இருந்த மன்றக் கிளைக்குத் தம்மை மாற்றுமாறு தாமாகவே கேட்டுக்கொண்டார். 1942 ஜூலை 30 அன்று அங்கு பணியில் சேர்ந்தார்.

வெஸ்டர்போர்க் முகாம்

வெஸ்டர்போர்க் முகாம் வடகிழக்கு நெதர்லாந்தின் ட்ரெந்தெ மாகாணத்தில், ஹூகாலென் என்னும் சிற்றூருக்கு அருகில், மணலும் புதரும் நிறைந்த தரிசு நிலத்தில் அமைந்திருந்தது. இம்முகாமை முதலில் கட்டியவர்கள் ஜெர்மானியர் அல்லர். ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூத அகதிகளுக்காக 1939 இல் டச்சு அரசே இதனைக் கட்டியது. முதலில் வெலுவெ பகுதியில் எல்ஸ்பேட் ஊரருகே இடம் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தது. அரச மாளிகைக்கு அண்மையில் உள்ளது என அரசி வில்லெல்மினா தரப்பில் எதிர்ப்புத் தெரிவிக்கப்பட்டமையால் தொலைவில் இருந்த ட்ரெந்தெ தேர்வாயிற்று. கட்டுமானச் செலவு டச்சு யூதச் சமூகத்தின் மீதே சுமத்தப்பட்டது.

1942 ஜூலை 1 அன்று முகாம் ஜெர்மானியரின் நேரடிக் கட்டுப்பாட்டின் கீழ் வந்து இடைத்தங்கல் முகாமாக மாற்றப்பட்டது. ஜூலை 15 அன்று முதல் தொடருந்து அவுஷ்விட்சுக்குப் புறப்பட்டது. தொடக்கத்தில் கைதிகள் ஹூகாலென் நிலையத்திலிருந்து சுமைகளுடன் ஏறத்தாழ 5 கிலோமீட்டர் நடக்க வேண்டியிருந்தது. 1942 நவம்பரில் இருப்புப்பாதை முகாமின் நடுவரை நீட்டிக்கப்பட்டது. 1942 அக்டோபர் முதல் ஆல்பர்ட் கெம்மெக்கர் முகாமின் தலைவராக இருந்தார்.

முகாமில் மருத்துவமனை, பள்ளி, தொழிற்கூடங்கள், கேளிக்கை நாடகக் குழு ஆகியவை இயங்கின. இயல்பான வாழ்க்கை நடப்பது போன்ற இத்தோற்றம் கைதிகளிடையே கிளர்ச்சி எழாமல் தடுத்தது. ஆனால் ஒவ்வொரு வாரமும், பெரும்பாலும் செவ்வாய்க்கிழமை காலையில், ஏறத்தாழ ஆயிரம் பேருடன் ஒரு தொடருந்து கிழக்கு நோக்கிப் புறப்பட்டது. செல்ல வேண்டியோரின் பெயர்கள் முந்திய இரவில் கொட்டகைகளில் வாசிக்கப்பட்டன. தங்கள் பெயர் பட்டியலில் இடம்பெறாமல் தள்ளிப்போவதே முகாம்வாசிகளின் முழு முயற்சியாக இருந்தது.

முகாமில் எட்டியின் பணி

முகாம் வழியாகக் கடத்தப்படுவோருக்கு உதவும் சமூகப் பிரிவில் எட்டி பணியாற்றினார். புதிதாக வந்தோரைப் பதிவு செய்தல், மருத்துவமனைக் கொட்டகைகளில் நோயாளிகளைக் கவனித்தல், செய்திகளையும் தந்திகளையும் வெளியே அனுப்புதல், குழந்தைகளுக்கும் தாய்மாருக்கும் பயணத்திற்கான பொருட்களைத் திரட்டித் தருதல் ஆகியவை இவரது வேலைகளாக இருந்தன. மன்றப் பணியாளர் என்ற முறையில் 1943 நடுப்பகுதி வரை பயண அனுமதி பெற்று ஆம்ஸ்டர்டாம் சென்று வரவும் இவரால் முடிந்தது. அப்போது முகாம்வாசிகளின் செய்திகளைக் கொண்டு சென்றார்; திரும்பும்போது மருந்துகளைக் கொண்டு வந்தார்.

1942 செப்டம்பர் 15 அன்று யூலியஸ் ஸ்பியர் நுரையீரல் புற்றுநோயால் ஆம்ஸ்டர்டாமில் காலமானார். எட்டி அப்போது அவரருகில் இருந்தார். இவரும் நோயுற்றதால் நவம்பர் மாதத்தில்தான் முகாமுக்குத் திரும்ப முடிந்தது. டிசம்பரில் மீண்டும் நோய்வாய்ப்பட்டு ஆம்ஸ்டர்டாம் வந்து, 1943 ஜூன் தொடக்கம் வரை அங்கேயே தங்கினார்.

இக்காலத்தில் இவர் எழுதிய கடிதங்கள் முகாம் வாழ்வை நுணுக்கமாகப் பதிவு செய்துள்ளன. 1943 ஆகஸ்டு 24 தேதியிட்ட கடிதம் தொடருந்து புறப்படுவதற்கு முந்திய இரவை விவரிக்கிறது. நள்ளிரவில் எழுப்பி உடுத்தப்படும் கைக்குழந்தைகள், நடக்க இயலாத இளம்பெண், கடைசி நேரத்தில் ஒளிந்துகொண்ட சிறுவன், அவன் ஒளிந்ததற்குத் தண்டனையாகப் பெட்டிகளில் ஏற்றப்பட்ட மேலும் பலர் ஆகியோர் இக்கடிதத்தில் இடம்பெறுகின்றனர். முட்கம்பி வேலியருகே பூத்திருந்த லூப்பின் மலர்களைப் பற்றியும், பரந்த வானத்தைப் பற்றியும் பிற கடிதங்களில் எழுதினார். துன்பத்தின் நடுவிலும் வாழ்க்கை பொருளும் அழகும் உடையது என்ற நம்பிக்கையை இவர் கைவிடவில்லை. முகாமிலிருந்து நாட்குறிப்பு எழுதிய இதழாளர் பிலிப் மெக்கானிக்கஸ் இவருடைய நண்பர்களுள் ஒருவர் ஆவார்.

தலைமறைவாக மறுத்தல்

1943 ஜூன் மாதத்தில் எட்டி இறுதியாக வெஸ்டர்போர்க் சென்றார். அதற்கு முன்பும் பின்பும் நண்பர்கள் பலர் ஒளிந்து வாழ இடம் ஏற்பாடு செய்து தர முன்வந்தனர். ஹில்வர்சும் நகரில் வாழ்ந்த எழுத்தாளர் கிளாஸ் ஸ்மெலிக் இவரைக் கட்டாயப்படுத்தியேனும் தடுத்து நிறுத்த முயன்றார். எட்டி அனைத்தையும் மறுத்துவிட்டார்.

இதற்கு இவர் கூறிய காரணம், தம் இனத்தாருக்கு நேரவிருப்பதைத் தாமும் ஏற்க வேண்டும் என்பதாகும். வாரந்தோறும் குறிப்பிட்ட எண்ணிக்கையினர் அனுப்பப்பட்டே ஆக வேண்டியிருந்தது. ஆகவே தாம் தப்பினால் தமக்குப் பதில் வேறொருவர் செல்ல நேரும் என்பது இவர் கருத்து. பெற்றோரையும் மிஷாவையும் விட்டுப் பிரிய இயலாமையும் பின்னர் இதனுடன் சேர்ந்துகொண்டது. 1943 ஜூன் 20, 21 ஆகிய நாட்களில் ஆம்ஸ்டர்டாமில் நடந்த பெரும் வேட்டையில் அம்மூவரும் பிடிக்கப்பட்டு வெஸ்டர்போர்க் கொண்டுவரப்பட்டனர்.

1943 ஜூலை 5 அன்று முகாமில் இருந்த மன்றப் பணியாளர்களின் சிறப்பு நிலை நீக்கப்பட்டது. ஒரு பகுதியினர் ஆம்ஸ்டர்டாம் திரும்ப வேண்டும், மற்றோர் கைதிகளாகத் தங்க வேண்டும் என ஆணை வந்தது. எட்டி தங்குவதைத் தேர்ந்தெடுத்தார். அன்று முதல் இவரும் மற்றவர்களைப் போல் ஒரு கைதியானார்.

இறுதிப் பயணம்

மிஷாவின் இசைத் திறமையைக் காரணம் காட்டி அவரைப் பாதுகாக்க முயற்சிகள் நடந்தன. இசை நடத்துநர் வில்லெம் மெங்கெல்பெர்க் போன்றோர் பரிந்துரைத்தனர். சிறப்புரிமை பெற்ற யூதர்கள் வைக்கப்பட்டிருந்த பார்னெவெல்ட் ஊருக்கு அவர் அனுப்பப்படலாம் என்ற நிலை ஏற்பட்டது. ஆனால் பெற்றோர் இல்லாமல் செல்ல மிஷா மறுத்தார்.

குடும்பத்திற்குச் சலுகை வேண்டித் தாய் ரிவா, நெதர்லாந்தில் ஜெர்மானியக் காவல்படையின் தலைவராக இருந்த ஹான்ஸ் ரவுட்டருக்கு நேரடியாகக் கடிதம் எழுதினார். இதனால் சினமுற்ற ரவுட்டர் குடும்பம் முழுவதையும் உடனே அனுப்பிவிட ஆணையிட்டார். 1943 செப்டம்பர் 7 அன்று எட்டி, பெற்றோர், மிஷா ஆகிய நால்வரும் அவுஷ்விட்சு செல்லும் தொடருந்தில் ஏற்றப்பட்டனர். இவ்வாணையை எட்டி எதிர்பார்த்திருக்கவில்லை. ஆயத்தம் செய்துகொள்ளச் சில மணி நேரமே கிடைத்தது.

ஓடும் வண்டியிலிருந்து எட்டி ஓர் அஞ்சலட்டையை வெளியே எறிந்தார். விவசாயிகள் அதனைக் கண்டெடுத்து அஞ்சலில் சேர்த்தனர். பெற்றோரும் தம்பியும் சில பெட்டிகள் தள்ளி இருப்பதையும், தாங்கள் பாடியபடியே முகாமைவிட்டுப் புறப்பட்டதையும் அதில் தெரிவித்திருந்தார். அதுவே இவரது கடைசி எழுத்தாகும்.

மூன்று நாள் பயணத்தின் பின் செப்டம்பர் 10 அன்று வண்டி அவுஷ்விட்சை அடைந்தது. பெற்றோர் பயணத்தின்போதோ, சென்றடைந்தவுடனோ உயிரிழந்தனர். செஞ்சிலுவைச் சங்கத்தின் பதிவின்படி எட்டி 1943 நவம்பர் 30 அன்று அவுஷ்விட்சில் இறந்தார். அப்போது இவருக்கு வயது 29. மிஷா 1944 மார்ச் மாத இறுதிக்குள் வார்சாவாவில் இறந்தார். யாப் பெர்கன்-பெல்சன் முகாமுக்கு அனுப்பப்பட்டு, 1945 ஏப்ரலில் அங்கிருந்து கைதிகள் வெளியேற்றப்பட்ட பயணத்தின்போது இறந்தார். ஆக, குடும்பத்தின் ஐவருள் ஒருவரும் போருக்குப் பின் எஞ்சவில்லை.

எழுத்துகள் வெளிவந்த வரலாறு

எட்டியின் இரு கடிதங்கள் 1943 இல் இவர் முகாமில் இருந்த காலத்தை அடுத்து இரகசியமாக அச்சிடப்பட்டன. ஓவியர் ஒருவரின் கடிதங்கள் என்ற பொய்த் தலைப்புடன் அந்நூல் வெளியிடப்பட்டது. இதன் வருவாய் தலைமறைவாக இருந்த யூதர்களுக்குப் பயன்பட்டது.

1943 ஜூன் மாதம் ஆம்ஸ்டர்டாமைவிட்டுச் செல்லுமுன் எட்டி தம் நாட்குறிப்பு ஏடுகளைத் தோழி ஒருவரிடம் ஒப்படைத்தார். தாம் திரும்பாவிடில் அவற்றைக் கிளாஸ் ஸ்மெலிக்கிடம் சேர்க்குமாறும், அவர் மூலம் வெளியிடுமாறும் கேட்டுக்கொண்டார். போருக்குப் பின் ஸ்மெலிக் பல பதிப்பாளர்களை அணுகியும் எவரும் ஏற்கவில்லை. 1979 இல் அவருடைய மகன் இவ்வேடுகளைப் பதிப்பாளர் யான் கேர்ட் கார்லாண்டிடம் அளித்தார். படிப்பதற்குக் கடினமான கையெழுத்தைப் பெயர்த்தெழுதி, தேர்ந்தெடுத்த பகுதிகள் 1981 இல் வெளியிடப்பட்டன. டச்சுத் தலைப்புக்குக் குலைக்கப்பட்ட வாழ்வு என்பது பொருளாகும். இந்நூல் விரைவில் பல பதிப்புகளைக் கண்டது. பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. 1986 இல் முழுமையான பதிப்பு வெளிவந்தது. மூல ஏடுகள் ஆம்ஸ்டர்டாமில் உள்ள யூத அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

கருத்துகளும் விமர்சனங்களும்

எட்டியின் எழுத்துகள் இறையியல், மெய்யியல், உளவியல், இலக்கியம் ஆகிய துறைகளில் ஆராயப்படுகின்றன. 2006 இல் பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழகத்தில் இவருக்கென ஆய்வு மையம் நிறுவப்பட்டது.

இவரது முடிவு குறித்து இருவேறு கருத்துகள் நிலவுகின்றன. ஒரு சாரார் இவரை வெறுப்புக்கு இடங்கொடாத உறுதியின் எடுத்துக்காட்டாகப் போற்றுகின்றனர். மற்றொரு சாரார் இவரது நிலைப்பாடு கொடுமைக்குப் பணிந்து போவதாகவே அமைந்தது என்றும், எதிர்த்துப் போராடவும் தப்பிக்கவும் வேண்டிய வேளையில் உள்மன அமைதியை நாடியது தவறு என்றும் வாதிடுகின்றனர். யூதரான இவரைக் கிறித்தவ நோக்கில் ஒரு புனிதரைப் போல் காட்டுவதற்கும் எதிர்ப்பு உண்டு.

இவ்விவாதத்தில் கருதத்தக்க செய்திகள் சில உள்ளன. தலைமறைவாவது யூதர் அனைவருக்கும் எட்டிய வழியன்று. பணம், நம்பகமான நண்பர்கள், போலி ஆவணங்கள் ஆகியவை தேவைப்பட்டன. ஒளிந்திருந்தோரில் பலர் காட்டிக்கொடுக்கப்பட்டனர். எட்டிக்கு வாய்ப்பு இருந்தது. அவ்வாய்ப்பு இல்லாத பல்லாயிரவரோடு இருக்க அவர் முடிவு செய்தார். அதே நேரத்தில், நடப்பவற்றை எழுதிவைத்து அவ்வேடுகள் அழியாமல் இருக்கவும் வழிசெய்தார். ஆகவே இவர் முற்றிலும் செயலற்று இருந்தார் என்பது பொருந்தாது.

ட்ரெந்தெ மாகாணத்தில் நினைவிடம்

வெஸ்டர்போர்க் முகாமிலிருந்து 1942 முதல் 1944 வரை ஏறத்தாழ 1,07,000 பேர் கடத்தப்பட்டனர். அவர்களுள் ஏறத்தாழ 5,000 பேரே உயிருடன் திரும்பினர். ஆன் பிராங்க்கும் 1944 ஆகஸ்டில் இங்குக் கொண்டுவரப்பட்டு, செப்டம்பர் 3 அன்று அவுஷ்விட்சுக்கு அனுப்பப்பட்டார். 1945 ஏப்ரல் 12 அன்று கனடியப் படையினர் முகாமை விடுவித்தனர்.

போருக்குப் பின் இவ்விடத்தில் ஜெர்மானியருக்குத் துணைபோன டச்சுக்காரர்கள் அடைக்கப்பட்டனர். 1951 முதல் 1971 வரை இந்தோனேசியாவிலிருந்து வந்த மலுக்கு மக்கள் இங்குக் குடியமர்த்தப்பட்டனர். பின்னர் கொட்டகைகள் அகற்றப்பட்டன. முகாமின் தடயங்களே இல்லாது போகும் நிலை உருவானபோது அதனை நினைவிடமாக்கும் முயற்சிகள் வலுப்பெற்றன. இன்று இங்குக் காணத்தக்கவை:

* தேசிய நினைவுச்சின்னம்: இருப்புப்பாதையின் தண்டவாளங்கள் மேல்நோக்கி வளைந்து நிற்பதாக அமைந்தது. முகாமின் முன்னாள் கைதியான ரால்ஃப் பிரின்ஸ் இதனை வடிவமைத்தார். 1970 மே 4 அன்று அரசி யூலியானா திறந்துவைத்தார்.
* 1,02,000 கற்கள்: திரும்பி வராத ஒவ்வொருவருக்கும் ஒரு கல் வீதம், நெதர்லாந்தின் வரைபட வடிவில் நிறுவப்பட்டுள்ளன. யூதர்களுக்குரிய கற்களில் ஆறுமுனை நட்சத்திரமும், சிந்தி, ரோமா மக்களுக்குரியவற்றில் தீச்சுடரும் பொறிக்கப்பட்டுள்ளன.
* முகாம் தலைவரின் வீடு: கெம்மெக்கர் வாழ்ந்த மரவீடு கண்ணாடிக் கூடத்தினுள் பாதுகாக்கப்படுகிறது.
* அருங்காட்சியகம்: 1983 இல் திறக்கப்பட்டது. முகாம் நிலத்திலிருந்து ஏறத்தாழ 3 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. பார்வையாளர்கள் காட்டுப்பாதை வழியே நடந்தோ பேருந்திலோ முகாம் நிலத்தை அடையலாம்.
* வானொலித் தொலைநோக்கிகள்: 1970 இல் இயங்கத் தொடங்கிய 14 தொலைநோக்கிகள் முகாம் நிலத்தை ஒட்டி வரிசையாக நிற்கின்றன.

1944 இல் கைதி ருடால்ஃப் பிரெஸ்லவர் முகாம் தலைவரின் ஆணைப்படி எடுத்த படச்சுருள்கள் 2017 இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன.

ட்ரெந்தெ மாகாணம் தொல்பொருட்களுக்கும் பெயர்பெற்றது. நெதர்லாந்தில் உள்ள 54 பெருங்கற்காலக் கல்லறைகளில் 52 இம்மாகாணத்திலேயே உள்ளன. அவற்றுள் மிகப்பெரியது போர்ஹர் ஊரில் அமைந்துள்ளது. மாகாணத் தலைநகரான அசென் நகரின் ட்ரெந்த்ஸ் அருங்காட்சியகத்தில், 1955 இல் பெஸ்ஸெ ஊரருகே கண்டெடுக்கப்பட்ட, ஏறத்தாழ 10,000 ஆண்டுகள் பழைமையான மரத்தோணி வைக்கப்பட்டுள்ளது. ஓவியர் வின்சென்ட் வான் கோ 1883 இல் சில மாதங்கள் இம்மாகாணத்தில் தங்கி ஓவியங்கள் வரைந்தார். அவர் தங்கிய இல்லம் நியூ-ஆம்ஸ்டர்டாம் ஊரில் நினைவகமாக உள்ளது. முற்காலத்தில் வறியோரைக் குடியமர்த்திய ஃபேன்ஹவுசன் குடியிருப்பில் சிறைச்சாலை அருங்காட்சியகம் இயங்குகிறது. இக்குடியிருப்பு 2021 இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டது.

பிற நினைவுகள்

எட்டி வளர்ந்த டெவென்டர் நகரில் ஐசல் ஆற்றங்கரையில் இவருக்கு நினைவுச்சின்னம் எழுப்பப்பட்டுள்ளது. அந்நகரின் பள்ளியொன்று இவர் பெயரைத் தாங்கியுள்ளது.

காலவரிசை

* 1914 – மிடல்பர்க் நகரில் பிறப்பு
* 1924 – குடும்பம் டெவென்டரில் குடியேறுதல்
* 1932 – ஆம்ஸ்டர்டாமில் சட்டக் கல்வி தொடக்கம்
* 1941 – ஸ்பியருடன் சந்திப்பு, நாட்குறிப்பு தொடக்கம்
* 1942 – யூத மன்றத்தில் பணி, வெஸ்டர்போர்க் செல்லுதல், ஸ்பியரின் மறைவு
* 1943 – அவுஷ்விட்சுக்கு நாடுகடத்தல், இறப்பு
* 1981 – நாட்குறிப்பின் தேர்ந்தெடுத்த பகுதிகள் வெளியீடு
* 1986 – முழுமையான பதிப்பு வெளியீடு